நாற்பத்தொரு செய்திகள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஆபீசில் மற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ஆடி மாதத்து அந்தப் புதன்கிழமை மட்டும் காலையில் இருந்தே எனக்குக் கோபம் வரவில்லை. மன்னார்புரம் ஆபீசின் மூலையில் ஐந்து வருடமாக உறுமிக்கொண்டிருந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் அன்றோடு விடுதலை. அவற்றைவிட எனக்குத்தான் பெரிய விடுதலை.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆப் செய்து பிழைக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. காசு வாங்காமல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று உண்டு. அதற்குக் 'கைகொடு' என்று பெயர். ரத்தம் தேவைப்படுகிறவர் நோயாளி பெயரையும் குரூப்பையும் ஆஸ்பத்திரி பெயரையும் தன் போன் நம்பரையும் எங்களுக்கு அனுப்புவார். அந்தக் குரூப்பில் பதிந்து வைத்திருக்கிற கொடையாளர்கள் எல்லாருக்கும் அந்த நிமிடமே எஸ்.எம்.எஸ். போகும். எங்கள் முதலாளி ஜெகபர் சாதிக் அரபு நாட்டில், தம்மாமில், பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்து ஆரம்பித்தது இது. நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளத் தேதியை மறந்தாலும் மறப்பார், கைகொடுவை மறக்க மாட்டார்.

செய்தி வந்து விழுகிற இடத்துக்கும் வெளியே போகிற இடத்துக்கும் நடுவே ஒரு ஏற்பாடு வேண்டும். ரேஷன் கடை க்யூ மாதிரி வந்த செய்தி எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு புரோகிராம் முன்னால் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். எதுவரை எடுத்தோம் என்று, புத்தகத்தில் நூல் வைக்கிற மாதிரி, ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். எங்களிடம் மூன்று வரிசைகள், மிஷினுக்கு ஒன்று. பாசிட்டிவ் குரூப்புகளுக்கு இரண்டு. நெகட்டிவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றாவது. நெகட்டிவ் கேட்டு மாதத்துக்கு நாலு செய்தி வந்தால் அதிகம். எந்தச் செய்தியையும் அழிக்கக் கூடாது என்பது பாய் போட்ட உத்தரவு.

இதையெல்லாம் இப்போது கிளவுடுக்கு மாற்றுகிறோம். பெரிய கம்பெனி ஒன்று கிளஸ்டரை, அதாவது சேர்ந்து ஓடுகிற கம்ப்யூட்டர் கூட்டத்தை, வாடகைக்கு விடுகிறது. மிஷினை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நமக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வரிசைகளை வைத்திருக்கிற மென்பொருள் மூன்று பிரதி, செய்தியை எடுக்கிற புரோகிராம் மூன்று, ஒவ்வொன்றும் கண்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிக்குள். மூன்று என்று எழுதினால் மூன்றும் ஓடும். ஒன்று விழுந்தால் கிளஸ்டரே இன்னொன்றை எழுப்பி நிறுத்தும். யாரும் பட்டனைத் தட்ட வேண்டாம், யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடைசி வசதியைத்தான் நான் பாயிடம் மிகவும் புகழ்ந்து சொல்லியிருந்தேன்.

என்னோடு வேலை பார்க்கிற ரெஜிஸ் இரண்டு வாரம் உட்கார்ந்து பழைய செய்திகளையும் அடையாளங்களையும் கிளவுடுக்கு நகல் எடுத்தான். பொறுமைசாலி. என்னோடு நாலு வருடம் இருக்கிறானே, அதுவே போதும். போன வாரம் அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, மூணாவது வரிசைல கொஞ்சம் பெண்டிங் காட்டுது" என்றான்.

"டெஸ்ட் போட்டதா இருக்கும்" என்றேன். "ஒவ்வொண்ணா நோண்டிக்கிட்டு இருந்தா தீபாவளி வந்துரும். போட்டுத் தள்ளு."

அவன் அதற்குமேல் பேசவில்லை. என்னிடம் அதற்குமேல் பேசுகிறவர்கள் குறைவு.

புதன்கிழமை பத்து நாற்பதுக்கு நானே கடைசிக் கட்டளையைத் தட்டினேன். திரையில் கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. முதல் வரிசை ஓடியது, இரண்டாவது ஓடியது, மூன்றாவதும் ஓடியது. அந்த மூன்றாவதில் மட்டும் வேகத்தைக் காட்டுகிற கோடு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. ஏதோ சூடேறுகிறது என்று நினைத்தேன். அப்பா மணப்பாறையில் இருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவைத் திறந்து ரெஜிஸுக்கும் பாய்க்கும் கொடுத்தேன். பாய் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டு, "சுபா, இனிமே கரண்ட் போனாலும் கவலை இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

"பாய், இனிமே நான் செத்தாலும் கவலை இல்லை" என்றேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

பத்து ஐம்பதுக்கு முதல் போன் வந்தது. தென்னூரில் இருந்து ஒருவர். பி நெகட்டிவ் என்று செய்தி வந்தது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், அப்படி யாரும் அட்மிட் ஆகவில்லை என்கிறார்களே என்றார். அடுத்தது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி. ஒரே நேரத்தில் ஆறு பேர் வந்து நிற்கிறார்கள், என்னங்க விளையாட்டு இது என்று ஒரு அம்மா கத்தினார். பிறகு ஆபீசின் இரண்டு போன்களும் என் போனும் நிற்கவே இல்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான். யாருக்கு ரத்தம், எந்த வார்டு?

ரெஜிஸ் கணக்கெடுத்தான். மூன்றாவது வரிசையில் இருந்து நாற்பத்தொரு செய்திகள் ஒரே மூச்சில் வெளியே போயிருந்தன. எல்லாம் பழையவை. போன வருடத்துச் செய்திகூட இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. நகல் எடுக்கும்போது அடையாளம் தொலைந்தால், புரோகிராம் பழைய செய்திகளையே மறுபடி எடுத்து அனுப்பும். ரெஜிஸின் மேல் பாய்ந்தேன். "அடையாளத்தை ஒழுங்கா காப்பி பண்ணினியான்னு எத்தனை தடவை கேட்டேன்?"

"பண்ணினேன் அக்கா. செக் பண்ணினேன்."

"கிழிச்ச."

அடையாளம் தொலைந்திருந்தால் அந்த வரிசையின் ஐந்து வருடச் செய்தியும் போயிருக்க வேண்டும். ஏன் நாற்பத்தொன்று மட்டும் போனது? அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கோபம் இருந்தால் எனக்கு மூளை தேவைப்படாது. இரண்டே நிமிடத்தில் ஒரு மன்னிப்பை எழுதி, அந்த நாற்பத்தொரு பேருக்கும் நெகட்டிவ் கொடையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். 'தொழில்நுட்பக் கோளாறால் பழைய செய்தி மறுபடியும் வந்துவிட்டது. பொருட்படுத்த வேண்டாம். வருந்துகிறோம்.' இவ்வளவு சீக்கிரம் சமாளித்துவிட்டேனே என்று உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

பதினொன்றரைக்கு என் போனில் ஒரு நிதானமான குரல் பேசியது.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து ரெங்கராஜ் பேசுறேங்க. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். என் சம்சாரம் பவித்ராவுக்கு ஏ நெகட்டிவ் வேணும்னு காலைலேர்ந்து ஒன்பது பேர் போன் பண்ணிட்டாங்க. எந்த வார்டுக்கு வரணும்னு கேக்குறாங்க. நான் என்னங்க சொல்றது?"

"சாரி சார். அது பழைய மெசேஜ். இப்ப அவங்க நல்லா இருக்காங்கள்ல?" என்றேன். மன்னிப்புக் கேட்கும்போது நாலு நல்ல வார்த்தை சேர்த்துக்கொள்வது பழக்கம்.

"ஜனவரியில தவறிட்டாங்க" என்றார் அவர்.

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவரே, "சரிங்க, வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டார். பாய் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் மெல்ல, "இன்னா லில்லாஹி" என்றார். கையில் இருந்த முறுக்கை மேசையில் வைத்தார். "போன்ல பேசி முடிக்கிற விஷயமா இது? கிளம்புங்க."

பாயின் காரில் போனோம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கிறவர்களால் கார் நகரவில்லை. மற்ற நாளாக இருந்தால் கண்ணாடியை இறக்கித் திட்டியிருப்பேன். பவித்ரா, பவித்ரா என்று அந்தப் பெயரே தலைக்குள் ஓடியது. நான் பார்த்தேயிராத பெண். அவளுக்கு ரத்தம் வேண்டும் என்று இன்று காலை ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

அடையவளஞ்சான் தெருவில் சின்ன வீடு. கூடத்தில் ஒரு தூளி தொங்கியது. ரெங்கராஜ் நாற்காலியில் உட்கார்ந்து தூளிக் கயிற்றை ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்திருக்காமல், "வாங்க, உக்காருங்க" என்றார். கையை எடுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லாமலே புரிந்தது. ஏழு மாதக் குழந்தை. எனக்கு ஏழு மாதத்தைக் கழித்துப் பார்க்கத் தெரியும்.

வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற சரவணன் என்று ரெங்கராஜ் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

பாய் முதலில் பேசினார். எங்கள் தவறுதான், மன்னித்துவிடுங்கள், இத்தனை மாதம் கழித்து இந்தப் பெயரை மறுபடி பார்க்க வைத்துவிட்டோம் என்றார். நான் தலையாட்டினேன்.

ரெங்கராஜ் சொன்னார்: "பொறக்கும்போது ரத்தப்போக்கு நிக்கலைங்க. ஆஸ்பத்திரில ஒரு யூனிட்தான் இருந்துச்சு. தஞ்சாவூர்லேர்ந்து கொண்டுவர ஆள் போயிருக்கு, அதுக்குள்ள யாராவது கிடைச்சா பாருங்கன்னாங்க. வராண்டால நின்னு உங்களுக்குத்தான் அனுப்பினேன். ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு. நூத்திப் பன்னெண்டு கொடையாளர்களுக்கு அனுப்பப்பட்டதுன்னு." தூளியை ஆட்டினார். "அன்னிக்கு வைகுண்ட ஏகாதசி. அந்த நாள்லயே போயிட்டா, நேரா வைகுண்டம்தான்னு வர்றவங்க எல்லாம் ஆறுதல் சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணும் மனசுல ஏறலை. நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட வரலையேன்னுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இன்னமும் அதுதான் ஓடுது."

வாசலில் நின்ற சரவணன் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்று என்னைப் பார்த்தார். "நானும் ஏ நெகட்டிவ்தாங்க. உங்ககிட்ட பதிஞ்சு வெச்சிருக்கேன். இன்னிக்குக் காலைல வண்டில நிக்கிறேன், மெசேஜ் வருது. அக்கா பேரு. செத்துப்போன அக்காவுக்கு ரத்தம் வேணும்னு. கை அப்படியே நின்னுபோச்சுங்க. பொட்டிக்குக் கீழ சட்டை கருகினதுகூடத் தெரியலை. அதான் ஓடியாந்தேன். அப்புறம் மறுபடியும் வந்துருச்சுன்னு இன்னொரு மெசேஜ் போட்டீங்க." போனைப் படிக்கு இந்தப் பக்கமாக நீட்டினார். "நான் தேடிப் பார்த்துட்டேங்க. அதுக்கு முன்னாடி எனக்கு வரவே இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். எங்கள் செய்திகள் ஒன்றைக்கூட அவர் அழித்திருக்கவில்லை. போன செப்டம்பரில் ஒன்று. அதற்கு அடுத்தது இன்று காலை பத்து நாற்பதுக்கு.

எனக்குச் சுள்ளென்று வந்தது. வழக்கம்தான். "சில போன்ல டெலிவரி ஆகாதுங்க" என்றேன். "சிக்னல் இல்லாம இருந்திருக்கும். மெமரி ஃபுல்லா இருந்திருக்கும்."

"இருக்குங்க" என்று சரவணன் ஒத்துக்கொண்டார்.

ரெங்கராஜ்தான் தலையைத் தூக்கினார். "போன் பண்ணின ஒன்பது பேரும் அதையேதாங்க சொன்னாங்க. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு, உடனே கூப்பிடுறேன்னு. ஒன்பது பேர் போன்லயுமா சிக்னல் இல்லை?"

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரெஜிஸ் போன வாரம் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. மூன்றாவது வரிசையில் கொஞ்சம் பெண்டிங். நாற்பத்தொன்று மட்டும் ஏன்? கூடத்தின் மூலைக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன்.

"பழைய மிஷின்ல மூணாவது வரிசையோட அடையாளம் எங்க நிக்குதுன்னு பாரு."

"பார்த்துட்டேன் அக்கா" என்றான். "அடையாளம் தொலையலை. கரெக்டாத்தான் காப்பி ஆயிருக்கு. பழைய மிஷின் கடைசியா எடுத்து அனுப்பினது போன அக்டோபர் பதினொண்ணு, காலைல பதினொன்னே கால். அதுக்கப்புறம் மூணாவது வரிசைலேர்ந்து எதுவுமே போகலை. நாப்பத்தொண்ணும் இன்னிக்குத்தான் முதல் தடவையா போயிருக்கு."

அக்டோபர் பதினொன்று. எந்த நாள் என்று காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. ஆயுத பூஜை.

நான் மணப்பாறைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் டிராக்டரில் இருந்து களைக்கொட்டு வரைக்கும் அன்று கழுவிப் பொட்டு வைத்தால், பூஜை முடியும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. ஓடுகிற ஆயுதத்துக்குப் பூஜை கிடையாது. ஆபீசிலும் அதையே கொண்டுவந்தவள் நான். பாய்க்கு அதில் வருத்தமே இல்லை. காந்தி மார்க்கெட் போய்ப் பொரியும் கடலையும் பூசணிக்காயும் அவரே வாங்கி வருவார். ஆனால் கைகொடுவை நிறுத்த முடியாதே. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்று மிஷினில் இரண்டு ஓடட்டும், ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். எதை நிறுத்தினால் பாதிப்பு குறைவு? நெகட்டிவ் வரிசை. மாதத்துக்கு நாலு செய்திதானே.

பதினொன்றேகாலுக்கு நான்தான் அதை அணைத்தேன். துடைத்தேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், பூ சாத்தினேன். சூடம் காட்டி முடித்துப் பட்டனைத் தட்டினேன். மிஷின் எழுந்தது, வரிசை எழுந்தது, பச்சை விளக்கு எரிந்தது. செய்தியை எடுக்கிற புரோகிராம் மட்டும் தானாக எழாது. ஒரு வரி தட்டி அதை எழுப்ப வேண்டும். அப்போது வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வந்து பொரி தின்றேன். பிறகு நாலு நாள் லீவில் ஊருக்குப் போனேன்.

அந்த ஒரு வரியை நான் தட்டவே இல்லை. ஒன்பது மாதத்துக்கு மேல் தட்டவில்லை. மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மணி வைத்திருந்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கவில்லை. யாரும் புகார் சொல்லவும் இல்லை. நெகட்டிவ் கிடைப்பது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வராவிட்டால் நம் நேரம் என்று நினைத்துக்கொண்டார்கள். வரிசையில் விழுந்த உடனேயே 'அனுப்பப்பட்டது' என்று பதில் போகிற மாதிரி எழுதியவளும் நான்தான். பதிவானது என்று மட்டும் போடலாம் அக்கா என்று நான் எழுதியபோதே ரெஜிஸ் சொன்னான். கேட்பவர்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

போனை வைத்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "என்ன சொல்றாங்க?" என்று ரெங்கராஜ் கேட்டார்.

பொய் தயாராக இருந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் அனுப்பினோம், சிலருக்கு மட்டும் எஸ்.எம்.எஸ். கம்பெனி கொண்டுசேர்க்கவில்லை என்று சொல்லலாம். அவர்கள் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பாய்க்குக்கூடத் தெரியாது, ரெஜிஸ் என்னை மீறிப் பேச மாட்டான். இந்த மனிதருக்கும் இன்னொரு வேதனை மிச்சம் என்று எனக்கு நானே ஒரு நியாயம்கூடச் சொல்லிக்கொண்டேன். பயமாக இருந்தது. அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனால் நூற்றுப் பன்னிரண்டு என்று அந்த எண்ணை அவர் சொன்ன விதம் காதிலேயே இருந்தது. நான் பொய் சொன்னால் அவர் அதையே நினைத்துக்கொண்டு இந்த ஊரில் இருப்பார்.

"அன்னிக்கு அந்த மெசேஜ் யாருக்குமே போகலை சார்" என்றேன். "நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்கும் போகலை. ஆயுத பூஜைக்கு ஒரு மிஷினை நிறுத்தினேன். திரும்பப் போடும்போது மெசேஜை எடுத்து அனுப்புற புரோகிராமை எழுப்ப மறந்துட்டேன். இன்னிக்குப் புது இடத்துக்கு மாத்தினதும் அது தானா எழுந்து, நின்னு போன எல்லாத்தையும் அனுப்பிடுச்சு. மறந்தது நான்தான். வேற யாரும் இல்லை."

பாய்க்கும் இது அப்போதுதான் தெரியும். "அந்தப் பொரியை வாங்கிட்டு வந்தவன் நான்தான் தம்பி" என்று ரெங்கராஜிடம் சொன்னார்.

ரெங்கராஜ் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அன்று முதல் தடவையாக வாசல் பக்கம் திரும்பி சரவணனைப் பார்த்தார். தூளிக் கயிற்றில் இருந்து கை தானாக நழுவியது.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"முக்குலதாங்க. வண்டில. ஏகாதசிக் கூட்டத்துல ஆம்புலன்ஸ் நகர முடியாம நின்னுச்சு. நான்தான் வண்டியை ஓரமா இழுத்து வழி விட்டேன். உள்ள அக்கா படுத்திருந்தாங்க." சரவணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான் சார் இருந்தேன்."

ரெங்கராஜ் யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "காரியம் எல்லாம் முடிச்சு கடை திறக்கப் போனேன். அப்பத்தான் இவர் வண்டில அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். நான் ஏ நெகட்டிவ், தேவைப்பட்டால் கேளுங்கள்னு. உங்க ஸ்டிக்கர்தான். நாலு வருஷமா ஒட்டியிருந்திருக்கு, அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது. கேட்டேனே, வரலையேன்னு நினைச்சேன். அன்னியிலேர்ந்து இவருகிட்டத் துணி போடுறதில்லை. எதிர்ல வந்தாலும் பார்க்கிறதில்லை. இஸ்திரி போடாத சட்டையைப் போட்டுக்கிட்டு, இவர் வண்டியைத் தாண்டித் தாண்டி ஏழு மாசமாப் போறேன்."

"நான் ஏதோ அக்கா புடவையைத் தீச்சுட்டேன் போலன்னு நினைச்சேங்க" என்றார் சரவணன். "கேக்கவும் பயமா இருந்துச்சு."

தரையிலேயே உட்கார்ந்தேன். ஒரு உயிரோடு இது முடியவில்லை. எனக்குத் தெரியாத எத்தனை வீடுகளில் எத்தனை பேர் யாரை இப்படித் தாண்டிப் போகிறார்களோ என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. இவர்கள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"வந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் ரெங்கராஜ். "அது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது." குழந்தை சிணுங்கியது. மறுபடி கயிற்றைப் பிடித்தார். "மத்த நாப்பது பேருக்கும் மறுபடியும் வந்துருச்சுன்னுதானே அனுப்பி வெச்சிருக்கீங்க? அதை நம்பிக்கிட்டுதானே உக்காந்திருப்பாங்க? அதை மாத்துங்க. இங்கயே மாத்துங்க, நான் பார்க்கிறேன்."

பாயைப் பார்த்தேன். கைகொடு அதோடு முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போலீஸ் வரலாம், கேஸ் வரலாம். "எழுதுங்க சுபா" என்றார் பாய். "என் பேரையும் போடுங்க. போன் நம்பரும் போடுங்க. கூப்பிடுறவங்களுக்கு நாமதான் பதில் சொல்லணும்."

தரையில் உட்கார்ந்தபடியே போனில் தட்டினேன். காலையில் இரண்டு நிமிடத்தில் எழுதியவள் இப்போது கால் மணி நேரம் எழுதினேன். 'உங்கள் கோரிக்கை அன்று யாருக்கும் போய்ச் சேரவில்லை. இன்றுதான் முதன்முறையாகப் போனது. எங்கள் தவறு. போனதாகச் சொன்னதும் எங்கள் தவறு.' கீழே இரண்டு பெயர்கள், இரண்டு நம்பர்கள். வாசித்துக் காட்டினேன்.

ரெங்கராஜ் கேட்டுவிட்டு, "கொடையாளர்கள் மேல தப்பு இல்லைன்னு ஒரு வரி சேருங்க" என்றார். சேர்த்தேன். "அவங்களுக்கும் அனுப்புங்க."

சரவணன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ரெங்கராஜ் அவரைப் பார்த்து, "உள்ள வாங்க சரவணன், எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்றார். அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அனுப்பு என்பதைத் தொட்டேன். மன்னார்புரமும் இல்லை, மூலையில் உறுமுகிற மிஷினும் இல்லை. எங்கோ இருக்கிற கிளஸ்டரில் மூன்றாவது வரிசையில் செய்தி விழுந்தது, எழுந்து நின்ற புரோகிராம் அதை எடுத்தது. ரெங்கராஜின் சட்டைப் பையிலும் சரவணனின் மடியிலும் இரண்டு போன்கள் ஒன்றாக ஒலித்தன.

இரண்டு விநாடி. அன்றைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.